பெட்டிமேல் இருக்கும் எண்ணைப் பாருங்கள்

ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறை நெருங்கினால் இந்தப் பகுதிக்கு வரும் கேள்விகளில் பாதி குளிர் பற்றியதாகிவிடும். எந்தக் கையுறை, எந்தக் காலணி, உதடு வெடித்தால் என்ன பூசுவது என்று. இந்த வாரத்துக்கு எடுத்துக்கொண்டது ஈசூனிலிருந்து ஒரு வாசகி கேட்டது. கணவர், எட்டு மாதக் கைக்குழந்தை, மாமியார் ஆகியோருடன் ஜனவரியில் ஹொக்கைடோ போகிறார். குழந்தைக்குப் பால்மாவு கரைக்கச் சுடுநீர் வேண்டும். மாமியாருக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தொண்டையில் சூடாக ஏதாவது இறங்கவேண்டும். "கடையில் பத்து வெள்ளிக்கும் ஃபிளாஸ்க் இருக்கிறது, அறுபது வெள்ளிக்கும் இருக்கிறது. எல்லாவற்றிலும் 12 மணி நேரம் சூடு என்றே போட்டிருக்கிறது. எதை நம்பி வாங்குவது?" என்று கேட்டிருக்கிறார்.

கேமரன் மலைக்கோ கெந்திங்குக்கோ போகிறவர்கள் என்றால் இருப்பதை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள் என்று ஒரு வரியில் முடித்துவிடுவேன். ஹொக்கைடோ அப்படி இல்லை. சாப்போரோவில் ஜனவரியில் பகல் உச்சமே சுழியத்தை ஒட்டித்தான் நிற்கும். இரவில் அதற்கும் கீழே ஐந்தாறு டிகிரி போகும். அசாஹிகாவா பக்கம் இன்னும் மோசம். அங்குள்ள அசாஹியாமா விலங்குத் தோட்டத்தில் பனியில் பெங்குவின்கள் வரிசையாக நடந்து வருவதைப் பார்க்க மக்கள் வெட்டவெளியில் காத்து நிற்பார்கள். அங்கே போய் மூடியைத் திறக்கும்போது உள்ளே வெதுவெதுப்பான நீர் இருந்தால், கைக்குழந்தையோடு வந்தவர்களுக்கு அது வெறும் ஏமாற்றம் மட்டும் இல்லை. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

முதலில் அந்த '12 மணி நேரம் சூடு' என்ற வாசகம். அதற்கு ஒரு பொருளும் கிடையாது. 45 டிகிரியும் சூடுதான், 80 டிகிரியும் சூடுதான். எத்தனை மணி நேரம் என்பதோடு எத்தனை டிகிரி என்பதும் சேர்ந்தால்தான் அது தகவல். அந்தத் தகவலைத் தரும் பெட்டிகளும் கடையில் இருக்கின்றன, நாம்தான் திருப்பிப் பார்ப்பதில்லை. ஜப்பானிய நிறுவனங்களின் ஃபிளாஸ்க் பெட்டியில், பக்கவாட்டிலோ அடியிலோ, சின்ன எழுத்தில் ஒரு கட்டம் இருக்கும். 6 மணி நேரம், அதன் அருகில் ஒரு டிகிரி எண். 71க்கு மேல், 77க்கு மேல் என்கிற மாதிரி. சோதனை செய்யும் முறையும் ஒரே மாதிரிதான்: ஏறக்குறைய 20 டிகிரி இருக்கும் அறையில், ஃபிளாஸ்க்கின் கழுத்துவரை கொதிநீர் ஊற்றி, நீர் 95 டிகிரிக்கு வந்ததும் மூடி, ஆறு மணி நேரம் தொடாமல் நிற்கவைத்து, பிறகு அளப்பார்கள். ஆகவே ஒரு பெட்டியின் எண்ணை இன்னொரு பெட்டியின் எண்ணோடு தைரியமாக ஒப்பிடலாம். இந்த எண் இல்லாத ஃபிளாஸ்க் மோசம் என்று சொல்லமாட்டேன். ஆனால் குளிர்நாட்டுக்கு எடுத்துப்போக நான் அதை வாங்கமாட்டேன்.

எண் கிடைத்தபின் செய்யவேண்டிய கணக்கு ஒன்று உண்டு. பயப்படாதீர்கள், தொடக்கப்பள்ளிக் கணக்குதான். ஒரு பொருள் எவ்வளவு வேகமாக ஆறும் என்பது, அதற்கும் சுற்றியுள்ள காற்றுக்கும் இடையே எத்தனை டிகிரி வித்தியாசம் என்பதைப் பொறுத்தது. பெட்டியில் 71 என்று இருக்கும் ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொள்வோம். தொடக்கத்தில் நீர் 95, அறை 20, வித்தியாசம் 75. ஆறு மணி நேரத்துக்குப் பிறகு நீர் 71, வித்தியாசம் 51. அதாவது 68 விழுக்காடு தங்கியிருக்கிறது. இப்போது அதே ஃபிளாஸ்க்கை சுழியத்துக்குக் கீழே 5 டிகிரியில் வையுங்கள். தொடக்க வித்தியாசம் 100. அதில் 68 விழுக்காடு தங்கினால் 68. அதிலிருந்து 5 போனால் 63. சிங்கப்பூர்க் கடையில் 71 என்று வாங்கியது அங்கே 63. நாள் முழுக்க யாரும் பனியில் நிற்பதில்லை, ரயிலும் பேருந்தும் சூடாகத்தான் இருக்கும், ஃபிளாஸ்க்கும் பைக்குள் இருக்கும். ஆகவே இதைத் தாழ்ந்த எல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கணக்கின் அடுத்த பகுதிதான் பலர் கவனிக்காதது. அந்த 71 என்ற எண், கழுத்துவரை நிரம்பிய ஃபிளாஸ்க்குக்கு உரியது. பாதி குடித்துவிட்டு மீதியை வைத்திருந்தால், வெப்பம் வெளியேறும் வழி அப்படியே இருக்கும், உள்ளே இருக்கும் வெப்பம் பாதியாகிவிடும். ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகத்தில் ஆறும். மேலே சொன்ன ஃபிளாஸ்க்கையே காலையில் பாதி மட்டும் நிரப்பி வெளியே வைத்தால் ஆறு மணி நேரத்தில் ஏறக்குறைய 41 டிகிரிக்கு இறங்கிவிடும். குளித்துவிடலாம், குடிக்க முடியாது. "ஒரு லிட்டர் வாங்கிவிட்டேன், இரண்டு பேர்தானே, பாதி ஊற்றிக்கொண்டு போனால் போதும்" என்கிறவர்கள் அரை லிட்டர் வாங்கி நிரப்பிப் போயிருந்தால் எடையும் குறைந்திருக்கும், சூடும் நின்றிருக்கும்.

ஃபிளாஸ்க் சூட்டை உண்டாக்குவதில்லை, வெளியே போகும் வழிகளை அடைக்கிறது, அவ்வளவுதான். இரண்டு சுவர்கள், நடுவே காற்று உறிஞ்சப்பட்ட வெற்றிடம். காற்றே இல்லாத இடத்தில் வெப்பம் தொட்டும் பரவாது, காற்றோடு சேர்ந்து நகரவும் முடியாது. மிச்சம் இருப்பது கதிர்வீச்சு. அதைத் திருப்பி அனுப்பத்தான் அந்தக் காலத்துக் கண்ணாடி ஃபிளாஸ்க்கின் உள்ளே வெள்ளிப் பூச்சு மின்னியது. இப்போதைய எஃகு ஃபிளாஸ்க்கில் அந்த வேலையைச் சுவர்களுக்கு நடுவே வைக்கும் செம்பு அல்லது அலுமினியத் தகடு செய்கிறது. இதை 1892ல் ஜேம்ஸ் டூவார் என்ற ஸ்காட்லாந்து விஞ்ஞானி செய்தது காப்பிக்காக இல்லை. திரவமாக்கிய வாயுக்களைக் குளிராகவே வைத்திருக்கத்தான். அவர் காப்புரிமை வாங்கவில்லை. ஜெர்மனியில் கண்ணாடி வேலை செய்தவர்கள் அதை வீட்டுப் பொருளாக்கி 1904ல் தெர்மோஸ் என்று பெயரிட்டு விற்கத் தொடங்கினார்கள். ஜப்பானியர்கள் இதை இன்னமும் 'மஹோபின்' என்கிறார்கள். மந்திரக் குப்பி என்று பொருள். நம் கடைகளில் பார்க்கும் யானைச் சின்ன நிறுவனம் 1918லும் புலிச் சின்ன நிறுவனம் 1923லும் ஒசாகாவில் தொடங்கியவை. எஃகு வெற்றிட ஃபிளாஸ்க் ஜப்பானில் 1978ல்தான் வந்தது. அதுவரை எல்லாம் கண்ணாடி. மருத்துவமனையில் படுத்திருப்பவருக்கு ஹார்லிக்ஸ் கொண்டுபோன பூப்போட்ட ஃபிளாஸ்க் பலர் வீட்டில் இன்னும் அலமாரிக்குமேல் இருக்கும். சூட்டைத் தாங்குவதில் அது இன்றைக்கும் சளைத்ததில்லை. ஆனால் பயணப்பெட்டியில் வைக்கும் பொருள் இல்லை.

சுவர்கள் அடைபட்டுவிட்டதால், வெப்பம் இப்போது பெரும்பாலும் கழுத்து வழியாகவும் மூடி வழியாகவும்தான் போகிறது. ஃபிளாஸ்க் வாங்கும்போது உடலைவிட மூடியைக் கூடுதலாகப் பார்க்கச் சொல்வது இதனால்தான். கழுத்து குறுகலாக, அடைப்பான் தடிமனாக இருப்பது சூட்டுக்கு நல்லது. அகன்ற வாய் கழுவ எளிது, பனிக்கட்டி போட எளிது, சூட்டை விடுவதும் அதே அளவுக்கு எளிது. அலுவலகத்தில் இளையவர்கள் கையில் பார்க்கும், உறிஞ்சுகுழல் செருகிய பெரிய கைப்பிடி டம்ளர் பனிக்கட்டித் தண்ணீருக்குப் பிறந்தது. அதில் சுடுநீர் ஊற்றிக் குழலால் உறிஞ்சினால் நாக்கு வெந்துவிடும். பையில் படுக்கவைத்தால் ஒழுகவும் செய்யும்.

மூடியில் இரண்டு வகைகள் பரவலாக இருக்கின்றன. ஒரு விரலால் அழுத்தினால் படக்கென்று திறந்து, வாய்வைத்துக் குடிப்பது ஒன்று. மூடியே கோப்பையாகி, அதில் ஊற்றிக் குடிப்பது மற்றொன்று. கையுறை போட்ட கைக்கு முதல் வகை வசதி என்பது உண்மை. இருந்தாலும் சூடான பானத்துக்கு என் ஓட்டு கோப்பை மூடிக்குத்தான். நல்ல ஃபிளாஸ்க்கில் இரண்டு மணி நேரத்துக்குப் பிறகும் நீர் 80 டிகிரிக்கு மேல் இருக்கும். அதை நேராக வாயில் வைப்பது ஆபத்து. 65 டிகிரிக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும் பழக்கத்தை அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2016ல் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்ற பட்டியலில் சேர்த்தது. கோப்பையில் ஊற்றினால் ஒரு நிமிடத்தில் குடிக்கும் பதத்துக்கு வந்துவிடும், குளிரில் இன்னும் சீக்கிரம். வயதானவர்கள் இரு கைகளாலும் கோப்பையைப் பிடித்துக்கொள்வதில் ஒரு சுகமும் இருக்கிறது. அழுத்தும் வகையை வாங்குவதென்றால் பொத்தானுக்குத் தனிப் பூட்டு இருக்கிறதா பாருங்கள். பைக்குள் தானாகத் திறந்துகொண்டால் அவ்வளவுதான்.

எந்த அளவு வாங்குவது? சின்னதில் சூடு நிற்காது. கொள்ளளவு குறையக் குறைய, உள்ளே இருக்கும் நீரோடு ஒப்பிட்டால் வெப்பம் போகும் பரப்பு கூடுகிறது. கையடக்கமான 350 மில்லி ஃபிளாஸ்க்கின் எண் பெரும்பாலும் அறுபதுகளில்தான் இருக்கும். அரை லிட்டரில் எழுபதை எட்டும். மலையேறுகிறவர்களுக்கென்று தனியாகச் செய்யும் அரை லிட்டர் ஃபிளாஸ்க்குகளில் 77 வரைகூடப் பார்க்கலாம். அடைப்பான் தடித்து, பார்க்கக் கொஞ்சம் முரடாக இருக்கும், பூப்படம் எல்லாம் இருக்காது. நான்கு பேர் குடும்பத்துக்கு ஒரு லிட்டர் ஒன்றா, அரை லிட்டர் இரண்டா என்று கேட்டால் இரண்டு என்பேன். திறக்காமல் வைத்தால் ஒரு லிட்டர்தான் நன்றாகச் சூட்டைப் பிடிக்கும். ஆனால் பயணத்தில் யாரும் திறக்காமல் வைப்பதில்லை. ஒன்றிலிருந்து பெரியவர்கள் குடித்துத் தீர்க்கட்டும், மற்றது மூடியபடி குழந்தைக்காக நிரம்பியே இருக்கட்டும்.

இனி குழந்தை. பால்மாவு டின் திறக்கும்வரைகூட முழுக்கக் கிருமியற்றது இல்லை. குரோனோபேக்டர் போன்ற கிருமிகள் அரிதாக அதில் இருக்கக்கூடும், கைக்குழந்தைக்கு அவை கடுமையான நோயைத் தரும். அதனால்தான் கொதிக்கவைத்து, 70 டிகிரிக்குக் குறையாமல் இருக்கும் நீரில் மாவைக் கரைத்து, பிறகு குழந்தை குடிக்கும் சூட்டுக்கு ஆறவைக்கச் சொல்கிறது உலகச் சுகாதார நிறுவனம். வெதுவெதுப்பான நீரில் கரைத்தால் நேரடியாகக் கொடுத்துவிடலாம், அழுகையும் நின்றுவிடும். ஆனால் கிருமியைக் கொல்லும் வேலை நடக்காமல் போய்விடும். ஃபிளாஸ்க்கில் இருப்பது 63 டிகிரியா 73 டிகிரியா என்பது விரலுக்குத் தெரியாது. இரண்டும் சுடத்தான் செய்யும். பெட்டிமேல் இருக்கும் எண்ணைப் பார்த்து வாங்குங்கள் என்று நான் இவ்வளவு வற்புறுத்துவது இதற்காகத்தான்.

நம் கணக்கைத் திரும்ப எடுப்போம். எண் 71 உள்ள ஃபிளாஸ்க், வெளியே சுழியத்துக்குக் கீழே 5. மூன்று மணி நேரத்தில் நீர் 77 டிகிரியை ஒட்டி இருக்கும், ஆறு மணி நேரத்தில் 63. எண் 77 உள்ளது என்றால் மூன்று மணி நேரத்தில் 82, ஆறு மணி நேரத்தில் 71. இரண்டாவது போதும் என்று தோன்றும். ஆனால் நீரை ஊற்றியதும் பால்குப்பியே சில டிகிரியைக் குடித்துவிடும். குளிரில் இருந்த குப்பி என்றால் இன்னும் கூடுதலாக. எனவே எண்பதை ஒட்டிய நீர்தான் நிம்மதி. நடைமுறையில் இதற்கு அர்த்தம்: எண் அதிகமுள்ள ஃபிளாஸ்க்கை வாங்குங்கள், காலையில் கொதித்த நீரைக் கழுத்துவரை ஊற்றுங்கள், மூன்று மணி நேரத்துக்கு மேல் அதை நம்பாதீர்கள். மதியச் சாப்பாட்டுக்கு உட்காரும் இடத்தில் பழையதைக் கொட்டிவிட்டுக் கொதிநீர் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கரைத்த பாலை மூடி, குளிர்ந்த நீர் உள்ள கோப்பையில் குப்பியை நிறுத்தி ஆறவைத்து, மணிக்கட்டின் உட்புறத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக் கொடுங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் குடிக்காததைக் கொட்டிவிடுங்கள். குழந்தை குறைமாதத்தில் பிறந்தது, வேறு உடல்நலக் குறை உண்டு என்றால் புறப்படும் முன் மருத்துவரிடமோ தாதியிடமோ கேட்டுக்கொள்ளுங்கள்.

ஜப்பான் இந்த விஷயத்தில் கைக்குழந்தையோடு போகத் தோதான நாடு என்பதையும் சொல்லவேண்டும். பெரிய கடைத்தொகுதிகளில் குழந்தைகளுக்கென இருக்கும் அறைகளில் பால்மாவு கரைப்பதற்கென்றே சுடுநீர்க் குழாய் வைத்திருப்பார்கள். ஹோட்டல் அறையில் பெரும்பாலும் மின்கெண்டி இருக்கும். 2019லிருந்து கரைக்கவே வேண்டாத, திறந்து அப்படியே கொடுக்கும் திரவப் பால் அங்கே விற்பனைக்கு இருக்கிறது. மருந்துக் கடைகளில் கிடைக்கும். குழந்தை அந்தச் சுவைக்கு ஒத்துக்கொள்ளுமா என்பது வேறு விஷயம். அவசரத்துக்கு இரண்டு வாங்கிப் பையில் போட்டுக்கொள்வதில் தவறில்லை.

மாமியாரின் தேநீருக்கு வருவோம். இங்கே நான் சொல்லப்போவது பல வீடுகளில் எதிர்ப்பைக் கிளப்பும் என்று தெரியும். ஃபிளாஸ்க்கில் பால் தேநீர் ஊற்றாதீர்கள். பல ஜப்பானியத் தயாரிப்பாளர்கள் கையேட்டிலேயே பால் வேண்டாம் என்று எழுதியிருப்பார்கள். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவே கிருமிகள் வேகமாகப் பெருகும் என்று சிங்கப்பூர் உணவு அமைப்பு அடிக்கடி சொல்கிறது. நாம் தேநீரைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றுவதில்லை. ஆற்றி, பால் சேர்த்து, சர்க்கரை கலந்து ஊற்றும்போதே 80க்குக் கீழே இருக்கும். பாதி குடித்துவிட்டால் குளிரில் ஓரிரு மணி நேரத்தில் அறுபதைத் தாண்டி இறங்கும். பிறகு பாலுக்கு அது அடைகாக்கும் பெட்டிதான். சுவையும் போய்விடும். மூன்று மணி நேரம் சூட்டிலேயே கிடந்த பாலில் ஒரு காய்ந்த வாடை வரும். தேயிலையும் கறுத்துக் கசக்கும்.

வெறும் கொதிநீரை எடுத்துப்போய் அங்கே கலப்பதுதான் வழி. மூன்றும் கலந்த தேநீர்ப் பொட்டலம், பால்தூள், சுக்குமல்லிப் பொடி, எதுவானாலும் எடை இல்லை. சுக்கு வெந்நீர், பால் சேர்க்காத இஞ்சித் தேநீர் என்றால் ஃபிளாஸ்க்கிலேயே ஊற்றலாம், கெடாது. இன்னொரு பயனும் உண்டு. ஜப்பானில் சைவம் சாப்பிடுகிறவர்கள் படும் பாடு போய்வந்தவர்களுக்குத் தெரியும். மீன்சாறு சேராத குழம்பு கிடைப்பதே அரிது. கடையில் வெள்ளைச் சோற்று உருண்டை வாங்கி, ஒரு கோப்பையில் ரசப்பொடியைக் கொதிநீரில் கலந்துவிட்டால் பெரியவர்கள் முகத்தில் வெளிச்சம் வந்துவிடும்.

ஊற்றும் முன் ஃபிளாஸ்க்கைச் சுடவைக்கவேண்டும் என்பார்கள். செய்யலாம், ஆனால் அதைப் பெரிய ரகசியம்போலச் சொல்வதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். உள்சுவர் நூறு கிராம் எஃகு என்று வைத்துக்கொண்டால், அரை லிட்டர் கொதிநீரிலிருந்து அது பிடுங்கிக்கொள்வது ஒன்றரை, இரண்டு டிகிரி. கழுத்துவரை நிரப்பாமல் விடுவதோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. நேரம் இருந்தால் கொஞ்சம் கொதிநீர் ஊற்றி ஐந்து நிமிடம் வைத்துக் கொட்டுங்கள். ரயிலைப் பிடிக்கவேண்டும் என்றால் விட்டுவிடுங்கள். கொதித்த கையோடு ஊற்றுவதும், ஊற்றிய கையோடு மூடுவதும்தான் முக்கியம்.

பெட்டியில் எஃகின் தரம் பற்றி நிறைய எழுதியிருப்பார்கள். 304 அல்லது 18/8 என்றால் குரோமியம் 18 விழுக்காடு, நிக்கல் 8 விழுக்காடு கலந்த சாதாரண சமையல் எஃகு. அது இருந்தால் போதும். அதற்குமேல் உள்ள எண்ணுக்காகக் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை, சூட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. உள்ளே பீங்கான் பூச்சு என்றால் தேநீர்க் கறையும் வாடையும் கொஞ்சம் குறையும். அவ்வளவுதான். ஃபிளாஸ்க்கில் ஈயம் இருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி பற்றியும் பலர் கேட்கிறார்கள். சில ஃபிளாஸ்க்குகளில் வெற்றிடத்தை அடைக்கும் புள்ளி அடிப்பாகத்தில், வெளிப்பக்கம் இருக்கும். அந்தப் புள்ளியில் ஈயம் பயன்படுத்தியவர்கள் உண்டு. அதன்மேல் எஃகு மூடி இருக்கும், பானத்தைத் தொடாது. அந்த அடிமூடி கழன்று விழுந்துவிட்டால் மட்டும் ஃபிளாஸ்க்கைக் குழந்தைகள் கைக்குக் கொடுக்காமல் தூக்கிப்போட்டுவிடுங்கள்.

விமானத்தில் ஏறும்போது காலியாக, உலர்ந்ததாகக் கொண்டுபோங்கள். பாதுகாப்புச் சோதனையில் 100 மில்லிக்கு மேலான நீரை விடமாட்டார்கள். குழந்தையின் பாலுக்கு மட்டும் பயணத்துக்குத் தேவையான அளவு விலக்கு உண்டு, கேட்டால் எடுத்துக் காட்டவேண்டியிருக்கும். விமானத்துக்குள் சுடுநீர் வாங்கினால் மூடியை மெதுவாக, துணி வைத்துத் திறங்கள். உயரே போகும்போது கேபின் அழுத்தம் குறைவதால் மூடிய சுடுநீர் சீறிக்கொண்டு வரும். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அந்த வேலையைச் செய்யவேண்டாம்.

புதிது வாங்கினாலும் வீட்டில் இருப்பதை எடுத்துப்போனாலும், புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பு ஒரு சனிக்கிழமை சோதித்துப் பாருங்கள். காலை ஏழு மணிக்குக் கொதிநீரை நிரப்பி மூடிப் பத்து நிமிடம் கழித்து வெளிச்சுவரைக் கையால் தடவுங்கள். கழுத்துப் பக்கம் லேசாக வெதுவெதுப்பு இருக்கலாம். நடுவிலோ அடியிலோ சூடு தெரிந்தால் வெற்றிடம் போய்விட்டது என்று பொருள். கீழே விழுந்து நெளிந்த ஃபிளாஸ்க்கில் இது அடிக்கடி நடக்கும். பழுது பார்க்க முடியாது, தண்ணீர் குடிக்க வைத்துக்கொள்ளலாம். வெளிச்சுவர் குளிர்ச்சியாக இருந்தால் அப்படியே விட்டு, மதியம் ஒரு மணிக்குச் சமையல் வெப்பமானியால் அளந்து பாருங்கள். பெட்டியில் சொன்ன எண்ணுக்கு மேலேயே இருக்கவேண்டும், ஏனென்றால் நம் வீடு 20 டிகிரியைவிடச் சூடானது. இருபது வெள்ளிக்குள் கிடைக்கும் அந்த வெப்பமானியைப் பயணத்துக்கும் எடுத்துக்கொள்ளுங்கள், குழந்தையின் நீரை அளக்க உதவும்.

பிறகு பராமரிப்பு. மூடியில் இருக்கும் ரப்பர் வளையத்தைத் தினமும் கழற்றிக் கழுவுங்கள். மசாலாத் தேநீர் வாடை தங்குவது எஃகில் இல்லை, அந்த வளையத்தில்தான். வாங்கும்போதே உபரி வளையம் தனியாகக் கிடைக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். வளையம் தளர்ந்ததால் மட்டும் நல்ல ஃபிளாஸ்க்குகள் குப்பைக்குப் போகின்றன. உள்ளே வெள்ளையாகப் படிந்தால் வெந்நீரில் சிட்ரிக் அமிலத் தூள் ஒரு தேக்கரண்டி போட்டு, மூடாமல் இரண்டு மணி நேரம் வைத்துக் கழுவினால் போய்விடும். தேநீர்க் கறைக்குச் சமையல் சோடா. குளோரின் கலந்த வெளுப்பான் எஃகை அரிக்கும், கம்பி நார் பூச்சைக் கீறும். ஊரிலிருந்து திரும்பிவந்து அலமாரியில் வைக்கும்போது மூடியைப் போட்டு வைக்காதீர்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் ஒரே மாதத்தில் வளையம் கறுத்துவிடும். மூடி தனியாக, குடுவை தனியாக, வாய் திறந்தபடி இருக்கட்டும்.